முடியாது என்று சொல்லவாவது ஓர் ஆள்

அரசாங்கம் கம்ப்யூட்டரில் பணத்தைக் கொட்டுவது வீண் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். என் சோறு அதில்தான் இருக்கிறது. ஒரத்தநாட்டில் சின்னதாக ஓர் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, பயிர்க் காப்பீடு, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் உண்டு என்றாலும் கடை ஓடுவது பாஸ்போர்ட்டால்தான். இந்தப் பக்கத்தில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் சரியாக வராத வருஷம் என்றால், அடுத்த வருஷம் என் கடை வாசலில் செருப்பு கூடும். அப்பா காலத்தில் பாஸ்போர்ட் என்றால் திருச்சிக்கு ராத்திரியே பஸ் ஏறி, விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். அல்லது ஒரு டிராவல்ஸ்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்க வேண்டும். 2010 முதல் பாஸ்போர்ட் சேவா மையங்கள் வந்தன. 2017 முதல் தபால் நிலையங்களிலும் மையங்கள் திறந்தார்கள். இப்போது பையன்கள் என் கடையில் படிவத்தைப் போட்டு, 1,500 ரூபாய் கட்டி, ஸ்லாட் எடுத்து, தஞ்சாவூர் போய்க் கைரேகை வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் ஒழுங்காக நடந்தால் புத்தகம் தானாக வீட்டு வாசலுக்கு வருகிறது. பொதுப்பணம் இப்படிச் செலவானால் எனக்கு என்ன குறை?

திருச்சி விமான நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,100 கோடிக்கு மேல் செலவு செய்து கட்டிய புது முனையத்தை 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தார். சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அழைத்துவரப் போயிருந்தேன். பெட்டிக்காகக் காத்திருந்த நேரம்தான் அதிகம், இமிகிரேஷன் கவுண்ட்டரில் நின்ற நேரம் ஒன்றுமே இல்லை என்றான். இதற்குப் பின்னாலும் ஒரு பெரிய திட்டம் இருக்கிறது. தூதரகங்கள் தரும் விசா, விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை, மாவட்டங்களில் வெளிநாட்டவர் பதிவு, அவர்களைப் பற்றிய கண்காணிப்பு ஆகியவற்றை ஒரே வலையில் கோக்கும் மத்திய உள்துறைத் திட்டம் அது. 2010ல் ஒப்புதல் பெற்றது. 2022 பிப்ரவரியில் அமைச்சரவை அதை 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை ஐந்து வருஷத்துக்கு நீட்டித்து 1,364.88 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு பயணியை அனுப்பிவைக்க முன்பு 5 முதல் 6 நிமிஷம் ஆனது, இப்போது இரண்டரை முதல் 3 நிமிஷம்தான் என்று அப்போது அரசு சொன்னது. தம்பி சொன்னதும் அதுதான்.

அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இலங்கைத் தமிழ் அகதிகளின் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. புதுக்கோட்டை ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வைத்தவர் ஒரு பெயிண்டர்.

வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவு

கடைக்கு எதிர்த்தாற்போல் சிங்கப்பூர் பணத்தில் ஒரு மாடி வீடு எழுந்துகொண்டிருந்தது. பெயிண்ட் வேலைக்குத் திருச்சி முகாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முகாம்காரர்கள் என்றால் டெல்டா முழுக்கப் பெயிண்ட் வேலைக்குப் பேர்போனவர்கள். அரசு வேலை கிடையாது, நிலம் வாங்க முடியாது, லைசென்ஸ் எடுப்பதே பெரும்பாடு. ஒரு பிரஷ்ஷும் பட்டி போடும் தகடும் இருந்தால் போதும் என்கிற தொழில் இதுதான். அவர்களில் மூத்தவர் ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், டீ நேரத்தில் என் கடைக்கு வந்து போனில் ஒரு பிடிஎஃப்பைக் காட்டி பிரிண்ட் கேட்டார். விரல் நகங்களில் பிரைமர் வெள்ளை அப்படியே காய்ந்திருந்தது. போனைத் தொட்டால் கறை பட்டுவிடுமோ என்று சுண்டுவிரலின் பக்கவாட்டால் திரையைத் தள்ளினார்.

2025 செப்டம்பர் முதல் வாரம் அது. செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய வருஷங்களின் நான்கு பழைய சட்டங்களைத் தூக்கிவிட்டு வைத்த ஒரே சட்டம். கூடவே யார் யாருக்கு விலக்கு என்று ஓர் உத்தரவும் வந்தது. அதைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார். முகாம் குரூப்பில் யாரோ ‘குடியுரிமை கிடைத்துவிட்டது’ என்று தலைப்பு போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

“தம்பி, இதில எங்களுக்குப் பிரஜாவுரிமை எண்டு போட்டிருக்கோ? ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

வாசித்தேன். 2015 ஜனவரி 9 வரை இந்தியாவுக்குள் தஞ்சம் வந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் வந்தது, இருப்பது தொடர்பான விதிகள் பொருந்தாது என்று இருந்தது. அவ்வளவுதான். குடியுரிமை பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை நாள் இருக்கலாம், அதற்குப் பிறகு என்ன ஆகும் என்றும் இல்லை. “அண்ணே, உங்கமேல கேஸ் போட மாட்டாங்க, அதுதான் இதுல இருக்கு” என்றேன்.

அவர் தாளை மடித்து, முகாம் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் சொருகினார். “அப்ப பிடிக்கவும் மாட்டினம். இருக்கச் சொல்லவும் மாட்டினம்” என்றார். 1990ல் திருகோணமலைப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர். மண்டபத்தில் இறங்கிப் பதிந்த பெயர், முப்பத்தைந்து வருஷமாக ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொரு பதிவேட்டுக்கு ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. மாதம்தோறும் தணிக்கைக்குப் பெயர் வாசிக்கிறார்கள். அன்றைக்கு ஆள் முன்னால் நிற்க வேண்டும். ஒரத்தநாட்டில் வேலை இருந்தாலும் அன்றைக்கு வண்டியைப் பிடித்துப் போய்விடுவார். நிற்காவிட்டால் பதிவு நீக்கம் என்று பயம். அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை இப்போது வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது என்பதால் முன்போல் காசுக்காக வரிசை இல்லை. ஆனால் ஆளைக் காட்டுவது நிற்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

மூன்று வரிகள்

அடுத்த வாரம் மகளோடு வந்தார். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிற பெண். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரர் எத்தனையோ பாஸ்போர்ட் எடுத்துத் தந்தவராயிற்றே, ஏதாவது வழி தெரியாமலா இருக்கும் என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை. மகளுக்கு அந்த நம்பிக்கை இல்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

படிவத்தைத் திறந்தேன். பெயர் ஏறியது. பிறந்த தேதி 1999ல். பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி. மாவட்டம், மாநிலம், நாடு எல்லாம் என் மற்ற வாடிக்கையாளர்களுக்கு வருவது போலவே வந்தன. அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தை, மாநகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். பத்தாவது மார்க் ஷீட்டும் தமிழ்நாடு அரசுடையது. அடுத்தது, எந்த வகையில் நீங்கள் இந்தியக் குடிமகன் என்ற கேள்வி. மூன்று வரிகள்: ‘பிறப்பால்’, ‘வம்சாவளியால்’, ‘பதிவால் அல்லது இயல்புரிமையால்’. வழக்கமாக அந்த இடத்தில் என் கை நிற்காது. கண் பார்க்காமலேயே ‘பிறப்பால்’ விழுந்துவிடும். அன்றைக்கு நின்றது.

“அண்ணா, அதுல மூணுதான் வரும். நான் போன்லயே பாத்துட்டேன்” என்றாள். அப்பா போல ‘எண்டு’, ‘ஓம்’ எல்லாம் இல்லை, அசல் திருச்சித் தமிழ்.

அவள் பிறந்தது இங்கேதான். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், தாய் தகப்பன் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். இவளுக்கு அப்பா, அம்மா இருவரும் இலங்கைக்காரர்கள். ஆகவே ‘பிறப்பால்’ கிடையாது. வம்சாவளி கிடையாது. பதிவால் பெறலாம் என்றால், அதற்கு விண்ணப்பிப்பவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. படகில் வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் அரசு வைத்திருப்பது அந்தப் பட்டியலில்தான். 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில சமயத்தவருக்கு அந்தத் தடையை எடுத்தார்கள். இலங்கை அதில் இல்லை.

‘பிறப்பால்’ என்று அழுத்தினால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும். சமர்ப்பித்துவிடலாம், பணமும் கட்டிவிடலாம். ஆனால் பாஸ்போர்ட் சட்டத்தின்படி தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம், சிறை வரைக்கும் போகும். இந்திய பாஸ்போர்ட்டை இப்படி எடுத்துத் திருச்சி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. அவளும் படித்திருந்தாள். ஒரு ஏஜென்ட் ‘அட்ரஸை மாத்திப் போட்டுரலாம்’ என்று கேட்ட தொகையையும் சொன்னாள். அவள் அதைத் தொடவில்லை என்பதற்காகவாவது இந்த நாடு அவளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது.

படிவத்தைச் சேமித்து மூடினேன். அந்த அரைகுறைப் படிவம் இன்னும் என் லாகினில் கிடக்கிறது. எத்தனையோ நாள் அழிக்கலாம் என்று நினைத்து அழிக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 1986ல் இங்கே முகாமில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் தர வேண்டும் என்று 2022ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987க்கு முந்தைய பிறப்பு, ஆகவே பிறப்பாலேயே இந்தியர் என்றது தீர்ப்பு. அந்த ஒரு முடிவு வந்த பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அதே படிவம், அதே கைரேகை இயந்திரம், அதே தபால்தான். கோடிக்கணக்கில் பணம் போட்டு வேகமாக்கிய இயந்திரம் முடிவு கையில் வந்ததும் தன் வேலையைச் செய்கிறது. முடிவு வராதவரை அதற்கு வேலையே கிடையாது. அன்றைக்கு மகள் போன பிறகு என்னை உறுத்தியது இதுதான். இத்தனை வருஷமாகப் பணம் போட்டால் வேகம் வரும், வேகம் வந்தால் நியாயம் வரும் என்று எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தேன். இவர்கள் விஷயத்தில் வேகப்படுத்துவதற்கு ஒரு காரியமே தொடங்கப்படவில்லையே?

இரண்டு ஒதுக்கீடுகள், நடுவில் ஒன்றும் இல்லை

ராத்திரி கடையை மூடிவிட்டு பட்ஜெட் செய்திகளைத் தோண்டினேன். மேலே சொன்ன 1,364.88 கோடி 2022 பிப்ரவரியில் வந்தது. அடுத்த மாதமே அதே உள்துறைக்கு அதே ஐந்து வருஷத்துக்கு இன்னொரு ஒதுக்கீடு: இடம்பெயர்ந்தவர்கள், தாயகம் திரும்பியவர்கள் நிவாரணத்துக்காக 1,452 கோடி. ஏழு உட்திட்டங்கள் அதில் அடக்கம். திரிபுரா முகாம்களில் இருந்த புரூ மக்கள், திபெத்தியக் குடியிருப்புகள், 1984 சீக்கியர் எதிர்ப்புக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று போகிற பட்டியலில் இலங்கைத் தமிழர் உதவியும் ஒன்று. ஆக, வருகிறவர்களை எண்ணவும் கண்காணிக்கவும் ஒரு தொகை, வந்துவிட்டவர்களுக்குச் சோறு போட ஏறக்குறைய அதே அளவு இன்னொரு தொகை. இவர் யார், இவருக்கு நாம் தருவது தஞ்சமா, குடியுரிமையா, திருப்பி அனுப்பும் உத்தரவா என்று தீர்மானிக்கிற ஓர் அலுவலகத்துக்கான செலவு இரண்டிலும் இல்லை. இருக்கவும் முடியாது. 1951ஆம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்பவர் யார் என்று சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. இல்லாத அலுவலகத்துக்கு யார் பட்ஜெட் போடுவார்?

மாநில அரசின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் 317.40 கோடி ரூபாய்க்கு அறிவிப்பு வந்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட மட்டும் 231.54 கோடி. பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,000லிருந்து 1,500 ஆனது, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் 2022லேயே கட்டி முடிந்தன. நம் பெயிண்டர் அப்படி ஒரு முகாமில் வீடுகளுக்கு வெள்ளையடித்திருக்கிறார். பத்துக்குப் பத்து ஓட்டுக் கொட்டகையில் பிள்ளைகளை வளர்த்தவர். “கொங்கிறீட் கூரை தம்பி, மழைக்கு ஒழுகாது” என்று கையால் தட்டிக் காட்டுவதுபோலச் சொன்னார். அந்தப் பணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீடும் அவருடையதல்ல. முகாம் பதிவு இருக்கும்வரை இருக்கலாம்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை சரபோஜி மன்னர் 1802ல் கட்டினார். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் வரிசையாக எழுப்பிய சத்திரங்களில் இது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கிராமங்களை எழுதிவைத்தார்கள். அந்த வருமானத்தில் சோறு, வைத்தியம், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்தன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், உலகெங்கிலும் இருந்து வருகிற அகதிகளை வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று நீதிபதி சொன்னார். எனக்கோ நாம் நடத்திக்கொண்டிருப்பதே சத்திரம்தான் என்று படுகிறது. சோறு போடுகிறோம், படுக்க இடம் கொடுக்கிறோம். சத்திரத்துக்கு வந்தவர் மறுநாள் ராமேஸ்வரம் நோக்கி நடந்துவிடுவார். இங்கே வந்தவருக்குக் கிளம்பவும் வழி இல்லை, ஊர்க்காரர் ஆகவும் வழி இல்லை.

பிரான்ஸிலிருந்து வந்த காகிதம்

பெயிண்டரின் தங்கை குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. எப்படிப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன பிறகு நடந்ததைச் சொன்னார். அங்கே அகதி விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கென்றே ஓஃப்ப்ரா என்று ஒரு நிறுவனம். கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்து, பல மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பிறகு நம்பும்படியாக இல்லை என்று நிராகரித்து எழுதி அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்றும் அதிலேயே இருந்தது. அப்பீலைக் கேட்பதற்கென்றே தனி நீதிமன்றம். அங்கே கிடைத்தது.

“முதல்ல இல்லை எண்டுதான் காயிதம் குடுத்தவங்கள். அந்தக் காயிதத்தைக் கொண்டுபோய்த்தான் அவ அப்பீல் போட்டவ. எங்களுக்கு அந்த இல்லையும் இல்லை, தம்பி.”

ஐரோப்பா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கடலில் மூழ்கிச் சாகிறவர்களின் செய்தியும் அங்கிருந்துதான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரை தஞ்சம், குடியேற்றம், ஒருங்கிணைப்புக்கு என்று வைத்திருக்கிற நிதி ஏறக்குறைய 988 கோடி யூரோ. விண்ணப்பத்தை விசாரிப்பது, தங்கவைப்பது, மொழி கற்றுக்கொடுப்பது எல்லாம் அதில் வருகிறது, நிராகரிக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புவதும் அதில்தான் வருகிறது. கைரேகைக்கு 2003 முதலே ஒரு பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. ஒரு நாட்டில் விரல் வைத்துவிட்டு அடுத்த நாட்டில் போய்ப் புதுக்கதை சொல்ல முடியாது. பேச்சைக் கேட்டு எந்த வட்டார அரபி என்று கணிக்கிற மென்பொருளை ஜெர்மனி 2017 முதல் பயன்படுத்துகிறது. நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நம் பெயிண்டரின் மகளை அப்படி ஒரு மெஷின் முன்னால் பேசவைத்தால் எந்த நாட்டுக்காரி என்று சொல்லும்? 2024ல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டத்தொகுப்பு சாதாரண விண்ணப்பத்துக்கு 6 மாதம், எல்லையிலேயே நடக்கும் விசாரணைக்கு 12 வாரம் என்று கெடு வைக்கிறது. அவசரத்தில் தவறான முடிவு வரும் என்று அங்கே வழக்கறிஞர்கள் கத்துகிறார்கள். கத்தட்டும், கத்த வேண்டியதுதான். கத்துவதற்கு அவர்களிடம் ஒரு முடிவாவது இருக்கிறது.

பிரிட்டன் 2023ல் செய்தது இன்னும் சுவாரசியம். விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்துவிட்டன. சிரியா, ஆப்கானிஸ்தான், எரித்திரியா, லிபியா, ஏமன் ஆகிய ஐந்து நாட்டுக்காரர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கத்தான் போகிறது என்பதால், நீண்ட நேர்காணலுக்குப் பதில் ஒரு கேள்வித்தாளை அனுப்பிவைத்தார்கள். கூடவே முடிவெடுக்கும் ஊழியர்களை நிறையச் சேர்த்தார்கள். குவியல் குறைந்தது. அதன் ஒரு பகுதி அப்பீல் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. குவியலைக் குறைத்தது புது சாஃப்ட்வேர் அல்ல என்பதுதான் நான் கவனித்தது. இன்ன நாட்டவருக்கு இன்ன வழி என்று யாரோ ஒருவர் தைரியமாகக் கையெழுத்துப் போட்டதும், போடுவதற்கு ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்ததும்தான் அதைச் செய்தன.

இங்கே என்னவென்றால், 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் 3 லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி திரும்பிவிட்டார்கள், வேறு நாடுகளுக்குப் போய்விட்டார்கள். 2021 கணக்கில் முகாம்களில் மிச்சம் இருந்தவர்கள் 58,822 பேர், முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு இன்னும் 34 ஆயிரம் பேர். எல்லோருடைய பெயரும் ஊரும் குடும்பமும் அரசின் கையில் இருக்கின்றன. பல பேருக்கு ஆதார்கூட இருக்கிறது. ஐரோப்பாவில் ஓர் அகதியைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் திணறுகிறார்கள். நம் அதிகாரிகளுக்கு முப்பத்தைந்து வருஷத்துத் தணிக்கைப் பதிவு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம். மாவட்டத்துக்கு நான்கு அலுவலர், ஒரு மேசை, ஒரு கெடு, அப்பீலுக்கு ஒரு கதவு என்று வைத்தால் ஆகும் செலவு அந்த 1,364 கோடியில் கண்ணுக்கே தெரியாது. அந்த ஐந்து வருஷக் கணக்கு 2026 மார்ச் வரைக்கும்தான். அடுத்த சுற்றுக்கு மதிப்பீடு போடுகிறவர் யாராவது இதைப் படித்தால், புது சர்வர் வாங்குமுன் அந்த மேசையை வாங்கச் சொல்வேன்.

போகவர டிக்கெட்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டது டெல்டா முழுக்கப் பேச்சாக இருந்தது நினைவிருக்கும். 2023 அக்டோபர் 14ல் தொடங்கி மழைக்காலத்தில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. டிக்கெட் கட்டுப்படியாக இருக்க இயக்கச் செலவில் ஒரு பகுதியை இந்திய அரசே ஏற்றது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஸ்கேனர், குடியேற்றச் சோதனைக் கவுண்ட்டர் எல்லாம் வந்தன. அந்த டிக்கெட்டும் நான் போட்டுத் தருகிறேன்.

ஒரு நாள் பெயிண்டர் கட்டணம் விசாரித்தார். சொன்னேன். “போகவர எவ்வளவு?” என்றார். அதையும் சொல்லிவிட்டுத்தான் பாஸ்போர்ட் ஞாபகம் வந்து கேட்டேன். தாயார் 2009க்குப் பிறகு ஊரில் காலமானவர். ஒரு தடவை போய்த் திவசம் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போவதற்கு வழி இருக்கிறது. சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்கி, இந்திய அரசிடம் வெளியேறும் அனுமதி வாங்கினால் போகலாம். விருப்பப்பட்டுத் தாயகம் திரும்புவோருக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் உதவியும் செய்துவந்தது. ஆனால் அப்படிப் போனால் முகாமில் பெயர் போய்விடும். திரும்பி வருவது வெளிநாட்டுப் பயணியாக, விசாவோடு. மனைவி, மகள், புதுக் கூரை எல்லாம் இந்தப் பக்கம். கப்பல் நான்கு மணி நேரத்தில் அந்தக் கரைக்குப் போய்விடுகிறது. எங்கள் தாத்தாக்கள் ஒரு ராத்திரித் தோணியில் போய்வந்த தூரம். அவரால் ஒரு பக்க டிக்கெட்தான் எடுக்க முடியும்.

மகள் வேறு கணக்கு போட்டிருந்தாள். இந்திய பாஸ்போர்ட் இல்லை என்றால் சரி, இலங்கை பாஸ்போர்ட் எடுக்கிறேன் என்கிறாள். பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்று நிரூபித்து, தன் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் எடுக்கலாம். முகாம் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே பதிந்திருக்கிறார்கள். பார்த்தே இராத நாட்டின் பாஸ்போர்ட்டை எடுத்து, பிறந்த நாட்டிலிருந்து அனுமதி வாங்கி, மூன்றாவது நாட்டுக்கு வேலைக்குப் போவது அவள் திட்டம். அப்பாவுக்கு ஒப்பவில்லை. “அதை எடுத்தா இஞ்ச பதிவு என்னாகும், வீடு என்னாகும்?” என்று என்னைப் பார்த்தே கேட்கிறார், மகளைப் பார்த்துக் கேட்பதில்லை. எனக்கென்ன தெரியும்? கேட்டுச் சொல்லலாம் என்றால் எழுத்தில் பதில் தருகிற ஆள் இல்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் வாய்வார்த்தையாக ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

“பேர் போனா போகட்டும்ப்பா. நான் சம்பாதிச்சு வாடகைக்கு வீடு எடுக்கிறேன்” என்கிறாள் அவள்.

போன மாதம் தூதரகப் பிறப்புப் பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை எடுத்துத் தரச் சொன்னாள், எடுத்துக் கொடுத்தேன். மாநகராட்சிச் சான்றிதழ் இருக்கிறது, முகாம் அட்டை இருக்கிறது. அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் 1990ல் படகேறும்போதே போய்விட்டது. அதற்கு திருகோணமலைக் கச்சேரியில், அதாவது அங்கத்திய அரசு அலுவலகத்தில், பிரதி எடுக்க வேண்டும். அங்கே இருக்கிற மச்சானுக்கு அப்பாதான் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். அவள் ரெண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவர் எதிர் வீட்டு மாடியில் இரண்டாவது கோட்டிங் முடியட்டும் என்கிறார்.